கடைசிப் பக்கத்துக் குதிரை

ஊல்கானுக்கு ஊரில் இரண்டு பெயர் உண்டு. பிள்ளைகளுக்கு அவள் ஊல்கான் எஜெ. எங்களுக்கு எஜெ என்றால் அக்கா. கூடப் படித்தவர்களுக்கு அவள் ஐம்பது வயது தாண்டியபிறகும் 'ஈரக் காலுறை'.

இரண்டாவது பெயர் 1971 செப்டம்பர் முதல் தேதி காலையில் வந்தது. அன்று அவளுக்கு ஏழு வயது. தலையில் வெள்ளை ரிப்பன், கையில் பூங்கொத்து, காலில் புதுக் காலுறை. பள்ளி திறக்கும் நாளின் முதல் மணி விழாவுக்காகப் பிள்ளைகளைப் பள்ளி முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சுரங்க மேலாளர் பேசினார், கட்சிக்காரர் பேசினார், அவருக்குப் பின் இன்னொருவர் பேசினார். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கடைத்தெருவில் சூரியகாந்தி விதை விற்கும் சாதிர் அவளோடு அதே வரிசையில் நின்றவன்.

"ஈரக் காலுறை, ஒரு கப் விதை போடட்டா?" என்பான்.

"உன் வாயில போட்டுக்கோ. கொஞ்ச நேரமாவது மூடியிருக்கும்" என்பாள் அவள்.

கரா-தொர் நிலக்கரி ஊர். சுரங்கம் மூடியபிறகு மிச்சமிருந்தவை பள்ளிக்கூடம், அதன் கொதிகலன் அறை, ரஷ்யாவுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்து. ஊல்கான் மாவட்டப் பத்திரிகை அச்சகத்தில் அச்சுக் கோத்தவள். அச்சகம் ஆட்களைக் குறைத்தபோது பள்ளி நூலகத்துக்கு வந்தாள். கணவன் நெஞ்சில் கரித்தூள் அடைத்துச் செத்தான். குழந்தை இல்லை.

1999-இல் அவள் ஒரு புத்தகம் போட்டாள். பதினாறு பக்கம். ஒரு குதிரைக்குட்டி முதல்நாள் பள்ளிக்கூடம் போகிறது. போகும் வழியெல்லாம் அதற்குக் கவலை. வாத்தியாருக்கு என் பெயர் தெரியுமா? கனைக்க மறந்துபோனால் என்ன செய்வது? பக்கத்தில் உட்காரும் ஆட்டுக்குட்டி முட்டுமா? ஏழாம் பக்கத்தில் குட்டி கையைத் தூக்கி, "ஐயா, மூத்திரம் எங்கே போவது?" என்று கேட்கும். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூட வாசல், அங்கே ஒரு தாய்க்குதிரை. கீழே ஒரே வரி: 'மணி அடித்ததும் வாசலில் அம்மா நிற்பாள்.'

பழைய அச்சகத்தில் காகிதச் சுருளின் மிச்சத்தில் முந்நூறு பிரதி கறுப்பு வெள்ளையில் அடித்துக் கொடுத்தார்கள். தீர்ந்தபின் இன்னொரு முந்நூறு. நிறம் மட்டும் ஊல்கானின் கை. ஆகஸ்ட் பிறந்தால் நோட்டுப் புத்தகத்தோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நடப்பாள்.

"உங்க வீட்டுக் குதிரை என்ன நிறம்?"

"எங்க வீட்ல ஏது எஜெ குதிரை? பழைய கார் ஒண்ணு கிடக்கு. அதையே வரைஞ்சிடுங்க" என்றான் ஒரு தகப்பன்.

"அது பள்ளிக்கூடம் வரைக்கும் வருமா? நிறுத்தின இடத்துலேயே நிக்கிற வண்டியாச்சே."

குதிரை இல்லாத வீட்டில் பிள்ளை ஆசைப்பட்ட நிறம். செம்பழுப்பு, சாம்பல், வெண்புள்ளி, வெளிர்மஞ்சள். ஒவ்வொரு பிரதியிலும் கடைசிப் பக்கத்துக் குதிரைக்கு அந்தந்த வீட்டு நிறத்தைத் தீட்டி, செப்டம்பருக்குள் கொடுத்துவிடுவாள். பிள்ளைகள் அதை மடியில் வைத்துக்கொண்டே தூங்கினார்கள். முதல்நாள் அழுகை எங்கள் பள்ளியில் குறைந்துபோனது உண்மை. மற்ற ஊர்களில் வாசலில் பிள்ளையைப் பிய்த்து எடுத்து உள்ளே தள்ளுகிறார்கள் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

எழுதியபோது கடைசி வரி பொய் இல்லை. பத்து வருடத்தில் பாதிப் பொய்யானது. அம்மாக்கள் மாஸ்கோவில் தரை துடைத்தார்கள், சைபீரியாவில் கோழி உரித்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சமாளித்துச் சொன்னார்கள்: குதிரை என்றால் யார் கூட்டிப்போக வருகிறார்களோ அவர்கள்தான். பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். ஊல்கானும் அந்த வரியை மாற்றவில்லை.

பெர்மெத்தின் கதை வேறு. ஆறரை வயதுப் பெண். பெரியப்பா எர்கெஷ் வீட்டில் இரண்டு வருடமாக வளர்ந்தாள். அம்மா ஜிபாரும் அப்பாவும் மாஸ்கோவில், ஒரு தையல் கூடத்தில். ஜிபார் ஜூன் மாதத்திலேயே போனில் சொல்லிவிட்டாள்: முதல் மணிக்கு நான் வந்துடுவேன். பெர்மெத் அதைத் தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். கறுப்புக் குதிரை வேண்டும் என்று ஊல்கானிடம் கேட்டதும் அவள்தான். "எங்கம்மா முடி மாதிரி கறுப்பு" என்றாள்.

ஆகஸ்ட் நடுவில் தையல் கூடத்தின் நிலவறையில் தங்கியிருந்த நான்கு பெண்கள் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். ஜிபார் அவர்களில் ஒருத்தி. சவப்பெட்டி விமானத்தில் வருவதற்குள் எர்கெஷ் செய்த முதல் வேலை, பெர்மெத்தை மலை மேய்ச்சலுக்கு அனுப்பியது. அங்கே மாமன் வீட்டுக் கூடாரம் இருந்தது. போனுக்குச் சிக்னல் கிடையாது. கீழே ஊரில் முற்றத்தில் கூடாரம் அடித்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, ஜிபாரைப் புதைத்தார்கள். மேலே பெர்மெத் குதிரைப்பால் குடித்துக் குட்டிகளோடு ஓடினாள். பெட்டியோடு வந்த பெர்மெத்தின் அப்பன் மண் தள்ளிவிட்டு, மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், அவள் இறங்கி வருவதற்கு முந்தைய நாளே மாஸ்கோ பேருந்து ஏறிவிட்டான்.

எங்களிடம் சாவை யாரும் போகிற போக்கில் சொல்லிவிடுவதில்லை. அதற்கு நாள் குறிக்க வேண்டும். பெரியவர்கள் கூட வேண்டும். சொந்தத்தில் மூத்தவர் ஒருவர், கேட்க வேண்டியவரை நடுவில் உட்காரவைத்து, சுற்றி வளைத்து ஆரம்பித்து, மெல்ல விஷயத்துக்கு வருவார். கேட்டவர் விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். அதுவரை ஊரே வாயை மூடிக்கொள்ளும். குழந்தை என்றாலும் முறை முறைதான்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி எர்கெஷ் நூலகத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்லிட்டீங்களா?" என்று ஊல்கான்தான் கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வெச்சிருக்கோம் எஜெ. ஆடு சொல்லியாச்சு. நாரினிலிருந்து எங்க சித்தப்பா வராரு. அவருதான் சொல்லணும்."

"திங்கட்கிழமை முதல் மணி. அதுக்கு முன்னாடி சொல்லிடு எர்கெஷ். ஊருக்கே தெரியும், அவ ஒருத்திக்குத்தான் தெரியாது."

"முதல் மணி ஒரு தடவைதான் எஜெ வரும். அன்னிக்கு ஒருநாள் சிரிச்சிட்டுப் போகட்டும். அப்புறம் வாழ்நாள் பூரா அழத்தானே போறா."

"வாசல்ல அம்மாவைத் தேடுவாளே."

"அதுக்குத்தான் வந்தேன்." அவன் தொப்பியைத் திருப்பினான். "ராத்திரி உங்க புத்தகத்தை எடுத்து வெச்சிக்கிட்டு, கடைசிப் பக்கத்தைக் காட்டி, இது அம்மா, இது அம்மான்னு சொல்லிட்டே இருக்கா. பெரியம்மாவால அந்த அறையில இருக்க முடியல. அந்தப் பக்கத்தை ஏதாவது பண்ணுங்க. அழுக்காயிடுச்சு, வேற தரேன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்."

உள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

அவளால் மறுத்திருக்க முடியும். இன்றைக்கும் அவள் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் அவள் சொந்தக்காரி இல்லை. சாவைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. தூரிகை பிடிக்கும் உரிமை மட்டும் இருந்தது. அன்று மாலை அந்தப் பிரதியையே எடுத்தாள். தாய்க்குதிரையின் மேல் வெள்ளைச் சாயத்தை மூன்று தடவை பூசிக் காயவைத்தாள். அந்த இடத்தில் தலைக்குட்டையும் கண்ணாடியுமாக ஒரு பெண்ணை வரைந்தாள். அச்சடித்த வரியின் மேல் காகிதம் ஒட்டி எழுதினாள்: 'மணி அடித்ததும் வாசலில் ஊல்கான் எஜெ நிற்பாள்.' திங்கட்கிழமை காலையில்தான் எர்கெஷ் அதைப் பெர்மெத்தின் பையில் வைத்தான்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அந்தக் குழந்தை ஒருநாளாவது யாருமில்லாத வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். ஒன்றை மறந்துபோனாள். முதல்நாள் வகுப்பில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒருவருக்கொருவர் குதிரையைக் காட்டுவது. இருபது வருடத்தில் இது அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் சொல்லிக்கொடுத்து நிலைத்துப்போன வழக்கம். அதைத் தொடங்கிவைத்த ஊல்கான் ஒருநாளும் அந்த நேரத்தில் வகுப்பில் இருந்ததில்லை. பாடநூல் பதிவும் விநியோகமுமாக நூலகத்தில் இருப்பாள்.

திங்கட்கிழமை காலை முற்றம் நிறைந்தது. வழக்கமாகப் பிள்ளைகளின் வீட்டார் மட்டும் வருவார்கள். அன்று பிள்ளைகளே இல்லாத வீடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் மணியை அடிக்கப் பெர்மெத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசைகளுக்கு முன்னால் நடந்தான். நீல ரிப்பன் கட்டிய பித்தளை மணியை அவள் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஒரு சுற்று முடிந்தது. மணியை வாங்க வந்த ஆசிரியையிடம் கொடுக்க மறுத்தாள். இன்னொரு சுற்று போகச் சொன்னாள். தோளின் உயரத்திலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே அடித்தாள்.

கூட்டத்தில் பெண்கள் தலைக்குட்டை நுனியை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"ஏன் எல்லாரும் அழறாங்க?" என்று பையனின் காதுப் பக்கம் குனிந்து கேட்டாள்.

"சந்தோஷத்துல" என்றான் அவன்.

வழியில் பெண்கள் அவள் கையில் மிட்டாயும் பென்சில் பெட்டியும் திணித்தார்கள். எதுவும் கிடைக்காத பக்கத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

வகுப்பில் நடந்ததை ஆசிரியை தினார் எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் சொன்னாள். அவளுக்கும் அது முதல் வருடம். பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் புத்தகங்கள் மேசைக்கு வந்துவிட்டன. என்னுது சாம்பல், என்னுது புள்ளி, உன்னுது கழுதை மாதிரி இருக்கு, போடா உங்கப்பன்தான் கழுதை. தினார் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் ஒரு மூலை மட்டும் அமைதியானதைக் கவனித்தாள். நாலைந்து தலைகள் பெர்மெத்தின் மேசைமேல் குனிந்திருந்தன.

"இவளுக்குக் குதிரையே இல்ல" என்றான் ஒரு பையன்.

"இது லைப்ரரி எஜெ" என்றது இன்னொரு குரல்.

பெர்மெத் பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அதற்கடுத்த மேசைக்குப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு மேசையாக எல்லாக் கடைசிப் பக்கங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெள்ளைச் சாயத்தை நகத்தால் சுரண்டினாள். கறுப்பாகக் காது ஒன்று தெரிந்தது.

தினார் ஓடிப்போய் ஊல்கானை அழைத்து வந்தாள். ஊல்கான் அந்தச் சின்ன நாற்காலியில், பெர்மெத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எஜெ, நீங்க ஏன் எங்கம்மா மேல நிக்கிறீங்க?"

ஊல்கான் அந்தக் கறுப்புக் காதைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வரலையா?"

"இல்லம்மா. இன்னிக்கு வரல."

"பரவாயில்ல" என்றாள் பெர்மெத். "வெள்ளிக்கிழமை வருவாங்க. வீட்ல ஆடு அறுக்கறாங்க. நாரின் தாத்தா வராரு, நிறையப் பேர் வராங்க. பெரியம்மா போர்சோக் பலகாரம் சுடறதுக்கு மாவு வாங்கி வெச்சிருக்காங்க. எனக்குச் சொல்லக் கூடாதுன்னு மெதுவாப் பேசிக்கிட்டாங்க. நான் கேட்டுட்டேன். அம்மா வரதுக்குத்தானே?"

தினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது தெரியும். வீட்டில் அடித்து மிரட்டி அனுப்பியிருந்தார்கள்.

ஊல்கானுக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆமாம் கண்ணு, வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான்கு நாள் அந்தக் குழந்தை ஆட்டையும் மாவையும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கும். பிறகு நடுவில் உட்காரவைத்திருப்பார்கள்.

"வெள்ளிக்கிழமையும் வரமாட்டா" என்றாள் ஊல்கான். "உங்கம்மா செத்துப் போயிட்டா, பெர்மெத்."

சுற்றி வளைக்கவில்லை. இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் இல்லை. பெர்மெத் விழவும் இல்லை, அழவும் இல்லை.

"எப்போ?"

"நீ மேல மலையில இருந்தப்போ."

"நான் குட்டிங்களோட விளையாடிட்டு இருந்தேனே." புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி வகுப்பைப் பார்த்தாள். அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

பலர் தலையைக் குனிந்தார்கள். ஒரு பையன் மட்டும் ஆமாம் என்று தலையாட்டினான். அவள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தாள். தினார் அன்று நேர்க்கோடு போடச் சொல்லிக்கொடுத்தாள். பெர்மெத் ஒரு வரி முழுக்கப் போட்டாள்.

பன்னிரண்டு பத்துக்கு மணி அடித்தபோது ஊல்கான் வாசலில் நின்றாள். எழுதிக் கொடுத்தபடி நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கைபிடித்துப் போனார்கள். பெர்மெத் வரவில்லை. கொதிகலன் அறைக்குப் பின்னால் சுற்றுச்சுவரில் ஒரு உடைப்பு உண்டு. காவல்காரனின் நாயைக் கட்டிவைத்திருக்கும் இடம். அவள் அது வழியாகத் தனியாக வீட்டுக்குப் போயிருந்தாள்.

எர்கெஷ் மறுநாள் நூலகத்துக்கு வந்தான். இந்த முறை தொப்பியைக் கழற்றவில்லை.

"நீ யாரு சொல்றதுக்கு?" என்றான். அதுவரை அவளை அவன் ஒருமையில் கூப்பிட்டதில்லை. "பிள்ளை பெத்தவளா நீ? நாங்க வெச்ச நாளை நீ யாரு உடைக்க?"

"கேட்டா, எர்கெஷ். ஆடு எதுக்குன்னு கேட்டா."

"கேட்டா வாயை மூடிக்க வேண்டியதுதானே. எல்லாரும் மூடலையா?"

"மூடினோம். அதைத்தான் அவ ஒவ்வொரு முகமா எண்ணிப் பார்த்தா."

"ஈரக் காலுறை" என்று எச்சில் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். கதவு திறந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டை அறுத்தார்கள். நாரின் சித்தப்பா பெர்மெத்தை நடுவில் உட்காரவைத்து, முறைப்படி தூரத்திலிருந்து ஆரம்பித்தார். பாதியில் அவள், "தெரியும் தாத்தா" என்றாள். அவர் நிறுத்தவில்லை. முறையை முடித்துத்தான் எழுந்தார். பெண்கள் அழுதார்கள். ஊல்கானுக்கு அழைப்பு இல்லை. நாற்பதாம் நாளுக்கும் இல்லை, வருட நினைவுக்கும் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் அவள் நோட்டோடு கிளம்பியபோது முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டுக்காரி வாசலில் நின்றபடி, "எங்க பிள்ளைக்கு வேண்டாம் எஜெ, அவன் பயப்படறதில்ல" என்றாள். உள்ளே ஒரு பையன் பள்ளிக்கூடம் மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தான். மூன்றாவது வீட்டுக்கு அவள் போகவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு, இந்த வருடம் புத்தகம் இருக்கட்டும் என்றார். இந்த வருடம் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அந்தச் செப்டம்பரில் எங்கள் வாசலிலும் பிள்ளைகளைப் பிய்த்து உள்ளே தள்ளினார்கள்.

புத்தகமாகத் தைக்காமல் கிடந்த தாள்களை அச்சகம் எடைக்குப் போட்டது. சாதிர் ஒரு கட்டு வாங்கியிருக்கிறான் போல. போன குளிர்காலம் அவனிடம் விதை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் நிறமில்லாத தாய்க்குதிரை.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். அவளே ரெண்டு பொட்டலம் வாங்கிட்டுப் போனா" என்றான் சாதிர். இப்போதெல்லாம் அவன் அவளை ஊல்கான் என்றே கூப்பிடுகிறான்.

பெர்மெத் இன்று நான்காம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். நூலகத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பாடநூலைத் தினார் வாங்கிக் கொடுக்கிறாள். அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. பெரியம்மா ஒருமுறை படுக்கைக்கு அடியில் பார்த்திருக்கிறாள். கடைசிப் பக்கம் முழுக்கச் சுரண்டியிருந்ததாம். ஊல்கானும் இல்லை, குதிரையும் இல்லை, காகிதம் ஓட்டை விழும்வரை.

பிப்ரவரியில் ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு நான் பள்ளிப் பக்கம் போனேன். ஊல்கான் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்குட்டையில் பனி படிந்திருந்தது. நூலகத்தைப் பூட்டிவிட்டுத் தினமும் இந்த நேரத்துக்கு வந்து நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அவ பின்பக்கமாத்தான் போறான்னு தெரியும்ல எஜெ?"

"தெரியும்."

"அப்புறம் இங்க எதுக்கு நிக்கிறீங்க? அங்கே போய் நிக்கலாமே."

"வாசல்லன்னுதானே எழுதிக் கொடுத்தேன்" என்றாள். "மாத்தி மாத்தி எழுதினது போதும்."

மணி அடித்தது. பிள்ளைகள் எங்களை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். முற்றம் காலியானது. கொஞ்சம் கழித்து, கொதிகலன் அறைப் பக்கம் நாய் இரண்டுதரம் குரைத்து நிறுத்தியது. அதைக் கேட்டபிறகுதான் ஊல்கான் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.